அப்பு வேலை பார்த்த தாத்தாவும் ஒரு பெரிய ஹோட்டல் டின்னரும்

நுவரெலியாவில் இருக்கும் பெரிய பெரிய ஹோட்டல்களை எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே தெரியும். பின்வாசல் வழியாகத் தெரியும். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அண்ணன் ஒருவர் அங்கே ஹவுஸ்கீப்பிங், இன்னொரு வீட்டு மாமாவுக்குப் பூந்தோட்டத்தில் வேலை, ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று மேசைக்குப் பரிமாறும் ஸ்டூவட்டாகச் சேர்ந்த பையன் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகும் அங்கேயேதான் இருக்கிறான். எங்கள் பக்கத்துக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் விடியவே லொறி ஏறிப் போய் அந்தக் குசினிகளில்தான் இறங்குகின்றன. முன்வாசலால் போய், கதிரையை யாரோ இழுத்துவிட உட்கார்ந்து, மெனுவைப் புரட்டிப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

எனக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக இருந்தது. கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன், சம்பளம் பரவாயில்லை, ஆனால் ஆசைக்கு ஒரு சாக்கு வேண்டுமே. 2025 மார்ச்சில் தாத்தாவுக்கு எண்பது வயது ஆனது. அடையாள அட்டைக் கணக்குப்படி. அது பிறந்த தேதியா, தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் தோதாகப் பார்த்து எழுதிய தேதியா என்று தாத்தாவுக்கே நிச்சயமில்லை, இருந்தாலும் எண்பது எண்பதுதான். காலையில் மாரியம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை, ராத்திரிக்கு ஹோட்டலில் சாப்பாடு என்று நான் திட்டம் சொன்னேன்.

அம்மா கேட்டது, "அங்க நம்மளையெல்லாம் உள்ள விடுவாங்களா?" அப்பா கேட்டது, எவ்வளவு முடியும். தம்பிக்கு பஃபேயா இல்லையா என்பது மட்டும் தெரிய வேண்டும். தாத்தா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னா என்னா குடுக்குறாங்களாம்?" என்றார். மெனுவைக் கேட்கிறார். ஏனென்றால் தாத்தா பங்களாவில் அப்புவாக இருந்தவர்.

அப்பு என்றால் வெளியாட்களுக்கு விளங்காது, கொஞ்சம் சொல்கிறேன். தொரை என்றால் தோட்டத்து மேலாளர். அவருடைய பங்களாவில் வீட்டுவேலை ஆட்களுக்கெல்லாம் தலைவர் அப்பு. குசினியும் சாப்பாட்டு மேசையும் அவர் பொறுப்பு. தாத்தா அங்கே பொடியனாக விறகு அடுக்கவும் கோழி உரிக்கவும் போனவர், அப்புறம் சமைக்கும் கோக்கியாகி, நரை விழுந்த பிறகு அப்புவானவர். மலைக்குக் கவ்வாத்து வெட்டப் போகவில்லை, அட்டை கடிக்கவில்லை, அந்த மட்டில் கொடுத்துவைத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் தொரை காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்புமுன் படுக்கைக்குத் தேத்தண்ணி போக வேண்டும் என்றால் தாத்தா எத்தனை மணிக்கு எழும்பியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தொரை மலையைச் சுற்றிவிட்டு வந்ததும் காலைச் சாப்பாடு, பிறகு மத்தியானச் சாப்பாடு, நாலு மணிக்குக் கேக்கோடு தேத்தண்ணி, ராத்திரிக்கு சூப்பில் தொடங்கி மீன், இறைச்சி, புடிங் என்று வரிசை. வெளியிலிருந்து தொரைமார் வந்த நாளில் புடிங்குக்குப் பிறகும் சீஸ் போட்ட டோஸ்ட் துண்டு ஒன்று போக வேண்டுமாம், அதற்கு 'சேவரி' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் சோறும் கறியும். அன்றைக்கு மட்டும்தான் ருசி பார்க்கத் தனக்குப் பயமே இருந்ததில்லை என்பார்.

குசினி பங்களாவோடு ஒட்டியிருக்காது. புகையும் வாடையும் வரக்கூடாது என்று பின்னால் தள்ளிக் கட்டி, நடுவில் ஒரு நடைபாதை போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில், இரும்பு விறகடுப்பிலிருந்து இறக்கிய ரோஸ்டை மூடிய தட்டில் வைத்து, அந்தக் குளிரில் அந்த நடையைக் கடந்து, மேசைக்குப் போகும்போது ஆவி பறக்க வேண்டும். தட்டையும் முதலில் அடுப்படியில் சூடாக்கிவிடுவாராம். இப்போதும் வீட்டில் யாராவது ஆறிய பீங்கானில் சோறு போட்டுக் கொடுத்தால் தாத்தா முகம் மாறும்.

படித்தது மூன்றாம் வகுப்பு வரை. தோட்டத்துப் பள்ளிக்கூடம். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தொரைசாணி சமையல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்று வாசிப்பார், பக்கத்தில் பெரிய அப்பு தமிழில் சொல்வார், தாத்தா மனதில் ஏற்றிக்கொள்வார். ஒரு தடவைதான் வாசிப்பாராம். அவுன்ஸ் கணக்கெல்லாம் சிகரட் டின்னாகவும் தேத்தண்ணிக் கோப்பையாகவும் மாறித் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது. புத்தகம் தொரைசாணியோடு கப்பலேறிப் போயிருக்கும். சமையல் இங்கேதான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மலைநாட்டில் இப்போது பெரிய விலைக்கு விற்கப்படும் சாப்பாடே இதுதான். பழைய பங்களா, பழைய கிளப், பழைய தேயிலைத் தொழிற்சாலை எல்லாம் ஹோட்டலாகிவிட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலையை 1996இல் ஹோட்டலாக்கினார்கள், அதன் முற்றத்தில் பழைய ரயில் பெட்டி ஒன்றுக்குள்ளேயே ஒரு சாப்பாட்டறை உண்டு. நுவரெலியாவின் கிராண்ட் ஹோட்டல் பழைய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மாளிகையிலிருந்து வளர்ந்தது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும் என்ற வழக்கம் பேர்போனது, இல்லாதவர்களுக்கு அங்கேயே இரவல் கொடுப்பார்கள். நீண்ட காலம் இந்த நாட்டுக்காரர்களையே அங்கத்தவராகச் சேர்க்காத இடம் அது. நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருக்கும் தொரை பங்களாக்களை 2005இலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு விடுகிறார்கள், ஓர் இரவு வாடகையைக் கேட்டு அப்பா அதை டொலரிலிருந்து ரூபாவுக்கு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லா இடத்திலும் விற்பது ஒன்றுதான். தொரை சாப்பிட்ட மாதிரி நீங்களும் சாப்பிடலாம்.

சமைத்தவர் யார் என்று எந்த மெனுவிலும் இல்லை.

கடைசியில் நான் பதிவு செய்தது நுவரெலியாவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும், பழைய பங்களாவை மாற்றிக் கட்டிய ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். தொலைபேசியில் பேசிய பெண் நன்றாகத்தான் பேசினார். ஆறு பேர், பிறந்தநாள், கேக் வேண்டாம் என்று எல்லாம் சொல்லி, விலாசம் கேட்டபோது லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். ஒரு சின்ன இடைவெளி. "மேடம், விலையெல்லாம் ப்ளஸ் ப்ளஸ், தெரியும்தானே? பரவாயில்லையா?" எல்லோரிடமும் கேட்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மனது கேட்கவில்லை. பணக்காரர் பகுதியான கொழும்பு ஏழில் இருக்கும் சிநேகிதியை அதே இலக்கத்துக்கு எடுத்து ஆறு பேருக்கு மேசை கேட்கச் சொன்னேன். அவளிடம் ப்ளஸ் ப்ளஸ் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஜன்னலோர மேசை வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அதன் பிறகு திரும்ப எடுத்து ஜன்னலோர மேசையையே நானும் கேட்டு வாங்கினேன்.

ப்ளஸ் ப்ளஸ் என்பதைத் தெரியாதவர்களுக்காக, கணக்குப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். மெனுவில் 1,000 ரூபா என்று போட்டிருந்தால் அது 1,000 ரூபா இல்லை. முதலில் சேவைக் கட்டணம் 10 வீதம், ஆக 1,100. அதன் மேல் சமூகப் பாதுகாப்பு வரி 2.5 வீதம். அதற்கும் மேல் பெறுமதி சேர் வரியான வற் 18 வீதம், 2024 ஜனவரியிலிருந்து அப்படி. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கடைசியில் வருவது ஏறக்குறைய 1,330 ரூபா. மூன்றில் ஒரு பங்கு கூட. அம்மா கொழுந்து எடுக்கிறார். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபா, அதுவும் சொன்ன கிலோவை எடுத்து முழுப்பேர், அதாவது முழுநாள் கணக்கு, விழுந்தால். ஆகவே நாங்கள் போன காலத்தில், அந்த மெனுவில் ஆயிரம் ரூபாவுக்கு ஒரு சாமான் இருந்தால் அது அம்மாவின் ஒரு நாள். ஆயிரம் ரூபாவுக்கு அங்கே கிடைத்தது, என் ஞாபகம் சரியென்றால், ஐஸ்கிரீம் ஒரு கரண்டி.

இந்தக் கணக்கை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்னைவிட வேகமாகக் கணக்கு வரும் என்பது வேறு கதை.

உடுப்புப் பிரச்சினை ஒன்று இருந்தது. ஸ்லிப்பர், சாரம், அரைக் காற்சட்டை கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தாத்தா அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மஃப்ளர், மேலே அந்தக் கோட். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது தன் நாட்டுக்குத் திரும்பிப் போன கடைசி வெள்ளைக்காரத் தொரை கொடுத்துவிட்டுப் போன கம்பளிக் கோட் அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலரிடம் இப்படி ஒரு கோட் இருக்கும், வேட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு தேர்த்திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் போவார்கள். முழங்கையில் தோல் ஒட்டு போட்டது, பொத்தான் இரண்டு மாற்றியது. தாத்தாவுக்கு முந்தியே அகலம் போதாமல் இருந்திருக்கும், இப்போது அவர் சுருங்கிவிட்டதால் சரியாக நிற்கிறது. வாசலில் நின்ற மேலாளர் கோட்டைத்தான் முதலில் பார்த்தார். "லவ்லி ஜாக்கட் சேர்" என்றார். தாத்தா தலையை மட்டும் அசைத்தார்.

உள்ளே சுவரெல்லாம் படம். குதிரையில் தொரை, நாயோடு தொரை, மான் சுட்டுப் படுக்க வைத்து அதன் பக்கத்தில் தொரை. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒரு படத்தில் இருந்தார்கள், அதற்குக் கீழே ஒருவர் பெயரும் இல்லை, தோட்டத்தின் பெயர் இருந்தது. சாப்பாட்டறைக் கூரையிலிருந்து மூங்கில் கொழுந்துக் கூடைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளே பல்ப் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா உட்கார்ந்ததும் மேலே பார்த்துவிட்டு, "கயிறு கட்டுற எடம் தேயவே இல்ல, புதுக் கூட" என்றார். எங்கள் தோட்டத்தில் மூங்கில் கூடை போய் எவ்வளவோ காலம், இப்போது பிளாஸ்டிக்கும் பையும்தான். நல்ல கூடையெல்லாம் விளக்குக்குப் போய்விட்டது போல.

மேசைக்கு வந்த ஸ்டூவட் சின்னப் பையன், கறுப்பு வெய்ஸ்ட்கோட், இங்கிலீஷில் தொடங்கினான். நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவன் தமிழ் என்று எனக்குத் தெரியும், நாங்கள் தமிழ் என்று அவனுக்கும் தெரியும், இருந்தாலும் இரண்டு பேரும் அந்த நாடகத்தை விடாமல் நடத்திக்கொண்டிருந்தோம். தாத்தா அதை உடைத்தார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

பையன் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அக்கரப்பத்தனப் பக்கம் தாத்தா" என்றான். அப்புறம் தோட்டத்தில் எந்த டிவிசன், அதாவது எந்தப் பிரிவு, யார் மகன், தலைவர் இன்னார் உனக்கு என்ன முறை என்று போனது. மலையகத்தில் இந்தக் கேள்விகள் முடியாமல் ஒரு காரியமும் நடக்காது. கடைசியில் அவனுடைய அப்பாயியும் எங்கள் பாட்டியும் ஒரே கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் என்று தெரியவந்தது. அதன் பிறகு எங்கள் மேசைக்கு பாண் இரண்டு கூடை வந்தது.

மேசையில் கரண்டிகள். ஒவ்வொருவருக்கும் இடது பக்கம் வரிசையாக முள்ளுக்கரண்டி, வலது பக்கம் கத்தி, மேலே குறுக்காக இன்னும் இரண்டு. நான் கொழும்பில் கம்பனி விருந்துகளுக்குப் போயிருக்கிறேன், அங்கே பஃபேயில் ஒரு கரண்டியும் ஒரு முள்ளும் எடுத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம், இங்கே நானும் தடுமாறினேன். தம்பி கள்ளத்தனமாகப் பக்கத்து மேசையைப் பார்த்தான். தாத்தா கையை மேசைக்கு மேலே கொண்டுவந்து, எதையும் தொடாமல், விரலால் சுட்டிச் சொன்னார். வெளியே இருந்து உள்ளே வாங்க. வட்டக் கரண்டி சூப்புக்கு. பரந்த வாய்க் கத்தி மீனுக்கு, அதால அறுக்கக்கூடாது, பிரிக்கணும். மேலே இருக்கிற ரெண்டும் புடிங்குக்கு. சாப்பிட்டு முடிஞ்சா கத்தியையும் முள்ளையும் சேர்த்துப் பீங்கானுக்கு நடுவில வையுங்க, பிரிச்சு வச்சா இன்னும் முடியலன்னு அர்த்தம், அவன் எடுக்க மாட்டான். இவ்வளவும் சொல்லிவிட்டு, அவர் தன்னுடைய முள்ளுக்கரண்டியைத் தூக்கினார், ஒரு பட்டாணியைக் குத்தப் பார்த்தார், அது ஓடியது, மறுபடி குத்தினார், மறுபடி ஓடியது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த முள்ளுகளை வெள்ளித் துணியால் தேய்த்து வரிசை பிசகாமல் வைத்தவர், ஒரு நாளும் ஒன்றை வாயில் வைத்ததில்லை. "சனியன்" என்று சொல்லிவிட்டுக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டார். நாங்களும் அதோடு விட்டோம்.

பையன் பரிமாறும்போது தாத்தா சாப்பாட்டைப் பார்க்கவில்லை, அவனுடைய கையைத்தான் பார்த்தார். சாப்பாடு இடது தோளால் வர வேண்டும், குடிப்பது வலது பக்கத்தால். பையன் சரியாகத்தான் செய்தான். சூப் வைக்கும்போது பெருவிரல் பீங்கானின் உட்புறம் படவில்லை என்பதைத் தாத்தா கவனித்து அம்மாவிடம் சொன்னார், அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பிட்ட பீங்கானை அடுக்கிக் கொடுக்கும் பழக்கம். அம்மா அடுக்கத் தொடங்கினார். "வையி, அது அவன் வேல" என்றார் தாத்தா. பையன் சிரித்துக்கொண்டே, "பரவால்லம்மா" என்று அடுக்கியதையே வாங்கிக்கொண்டு போனான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் எப்படி. லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் அருமை, அதில் சந்தேகமே இல்லை. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட்ட காலத்திலிருந்து இந்தக் குளிரில் சீமைக் காய்கறி விளைகிறது, அதைக் கெடுக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டும். ட்ரவுட் மீன் நான் எடுத்தேன். அதுவும் அவர்கள் தூண்டில் போட்டு விளையாடுவதற்காகக் கொண்டுவந்து நம்முடைய ஆறுகளில் விட்ட மீன்தான். மெல்லிய சதை, கொஞ்சம் பட்டர், கொஞ்சம் தேசிக்காய், வேறொன்றும் இல்லை. அப்பாவுக்கு அது மீனாகவே தெரியவில்லை, மீன் என்றால் காரம் வேண்டும். ரோஸ்ட் கோழிக்கு ஊற்றிய குழம்பை நாக்கில் வைத்ததுமே தாத்தா, "இது பக்கெட்டு மாவு" என்றார். தட்டத்தில் கோழி உருகிய எண்ணெயோடு ஒட்டிக்கிடப்பதைச் சுரண்டி, கொஞ்சம் மாவு போட்டு வறுத்து, எலும்பு வேகவைத்த தண்ணி ஊற்றினால்தான் குழம்பாம். அவசரக்காரன் பக்கெட்டை உடைப்பான்.

மெனுவில் 'எஸ்டேட் ரொட்டி' என்று ஒன்று இருந்தது. கோதுமை மாவு ரொட்டி, கட்டச்சம்பல், கொஞ்சம் பருப்பு. விலையைச் சொல்ல மாட்டேன், அம்மா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். எங்கள் வீட்டில் தினம் விடியற்காலையில் சுடுவதும் மலைக்குத் துணியில் சுற்றிக்கொண்டு போவதும் அதே சாமான்தான். தம்பி விளையாட்டுக்கு ஒன்று சொன்னான். வட்டம் அச்சில் வெட்டின மாதிரி, மேலே கறிவேப்பிலைத் துளிர் ஒன்று. அம்மா பிட்டு வாயில் போட்டுவிட்டு, "தேங்காப்பூ போட்டிருக்கான், நல்லாத்தான் இருக்கு" என்று மனதாரச் சொன்னார். எங்கள் வீட்டு ரொட்டியில் தேங்காய்ப்பூ விழுவது தேங்காய் விலையைப் பொறுத்தது.

ரொட்டி வந்த நேரத்தில்தான் தாத்தா அந்தக் காலத்தைப் பேசினார். 1973, 74இல் தோட்டங்களில் வந்த பஞ்சம். மாவு இல்லை, அரிசி இல்லை, வேலை நாளும் குறைவு, பட்டினியில் ஆட்கள் செத்த காலம். பங்களாக் குசினிக்கு மட்டும் பாண் எப்படியோ வந்துகொண்டிருந்தது. சான்விச்சுக்குப் பாண் ஓரத்தை வெட்டிவிட வேண்டும், தொரைசாணிக்கு ஓரம் பிடிக்காது. அந்த ஓரங்களையெல்லாம் தாத்தா ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து லயத்துக்குக் கொண்டுவருவாராம், அப்பா சின்னப் பையன், அதைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றிருக்கிறார். வெட்டும்போது ஓரத்தைக் கொஞ்சம் தடிப்பாகவே வெட்டுவாராம். "தொரசாணி ஒருநா பாத்துட்டா. ஒண்ணும் சொல்லல. அடுத்த நாளும் சொல்லல." அப்பா அந்த நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே மூடுபனி, பார்க்க ஒன்றுமே இல்லை. எனக்கு இந்தக் கதை அதுவரை தெரியாது. பாண் கூடையில் மிச்சம் இருந்ததை அம்மா கேட்டுப் பார்சல் கட்டிக்கொண்டார், நான் தடுக்கவில்லை, காசு கொடுத்த சாமான்தானே.

கடைசியாகக் கேரமல் புடிங். தாத்தா அந்த ராத்திரி முழுக்கக் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். பீங்கானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரண்டியால் ஓரத்தில் வெட்டி, வெட்டிய முகத்தைக் காட்டினார். கண் கண்ணாகச் சின்ன ஓட்டைகள். "தண்ணி கொதிச்சிருச்சு" என்றார். முட்டையும் பாலும் கலந்ததைத் தண்ணீரில் வைத்து வேகவைக்கும்போது அந்தத் தண்ணீர் கொதிக்கக் கூடாது, சும்மா நடுங்க வேண்டும். கொதித்தால் புடிங் ஓட்டை விழும். விறகடுப்பில் அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கக் கொள்ளியை இழுப்பதும் தள்ளுவதுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், மூடிக்கு மேலே தணல் போட வேண்டும். இன்னொன்று, சீனி போதுமான அளவு கருகவில்லை, வெறும் இனிப்பாக இருந்தது. கறுப்பாக மாறுவதற்குக் கொஞ்சம் முந்தி, வாசனை மூக்கில் ஏறும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும், இறக்கிய பிறகும் டின்னின் சூட்டில் அது தானாக இன்னும் கொஞ்சம் கருகும். அந்த மெல்லிய கசப்பு இல்லாவிட்டால் அது புடிங் இல்லை, பால்கோவா.

இதைப் பையன் குசினியில் போய்ச் சொல்லிவிட்டான் போல. கொஞ்ச நேரத்தில் ஷெஃப்பே வெளியே வந்தார். வெலிமடைப் பக்கத்துச் சிங்களவர், நாற்பது வயதிருக்கும். ஏதாவது முறைப்பாடா என்று இங்கிலீஷில் கேட்டார், முகத்தில் கொஞ்சம் இறுக்கம். தாத்தா சிங்களத்தில் பேசினார். நான் இத்தனை வருடம் பங்களாவில் அப்புவாக இருந்தேன் என்பதையும், சூப் நல்லா இருந்தது என்பதையும் முதலில் சொல்லி, பிறகு புடிங்கைச் சொன்னார். ஷெஃப் கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்துவிட்டார். ஓவன் வெப்பம் எத்தனை பாகை, இங்கே எத்தனை நிமிடம், மூடி போடுவதா வேண்டாமா என்று அவர் கேட்க, பாகையும் நிமிடமும் தெரியாத தாத்தா மூக்கையும் காதையும் வைத்துப் பதில் சொல்ல, எங்களுக்கெல்லாம் கொட்டாவி வரும்வரை போனது அது. "சீயா, இன்னொரு நாள் குசினிக்கு வாங்க" என்றார் ஷெஃப். சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. வாசல் மேலாளர் தூரத்திலிருந்து, மற்ற மேசைகளைக் காட்டி ஷெஃப்புக்குக் கண்ணால் ஜாடை செய்தார். ஷெஃப் பார்க்காத மாதிரி இருந்தார். அந்த ஒரு காரியத்துக்காக அந்த ஹோட்டலை நான் பாதி மன்னித்துவிட்டேன்.

பில் வந்தது. கணக்குச் சரியாக இருந்தது, ப்ளஸ் ப்ளஸ் உட்பட. சேவைக் கட்டணம் 10 வீதம் வேலை செய்கிறவர்களுக்குத்தான் பிரித்துக் கொடுப்பார்கள், தனியாகச் சந்தோசம் கொடுக்கத் தேவையில்லை என்று நான் தாத்தாவுக்கு விளக்கினேன். அவர் கேட்கவில்லை. கோட்டின் உள் பையிலிருந்து மடித்து மடித்து வைத்திருந்த நோட்டொன்றை எடுத்து, பையனின் உள்ளங்கையில் யாருக்கும் தெரியாமல் அழுத்தினார். எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்த மாதிரி வாங்கியவர்தானே.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் சீசனில் போகாதீர்கள், விலையும் கூட்டமும் தாங்காது. முதல் தடவை மத்தியானத்தில் போங்கள், அல்லது பின்னேரத் தேத்தண்ணிக்குப் போங்கள், அதே கதிரை, அதே ஜன்னல், விலை குறைவு. விலை ப்ளஸ் ப்ளஸா என்று நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள். மெனு விளங்காவிட்டால் தமிழிலேயே கேளுங்கள், மேசைக்கு வருகிற பிள்ளை அநேகமாக நம்ம பிள்ளையாகத்தான் இருக்கும். கையால் சாப்பிட்டால் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். உள்ளே விடுவார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த நாள் சித்தப்பா வந்தார். எவ்வளவு முடிந்தது என்று கேட்டார், நான் பாதியைத்தான் சொன்னேன், அதற்கே வாயில் கை வைத்தார். அந்தக் காசுக்குக் கோயிலில் ஓர் அன்னதானமே போட்டிருக்கலாம், ஊரே வாழ்த்தியிருக்கும், தாத்தா பேரில் புண்ணியம் சேர்ந்திருக்கும் என்று நெடுநேரம் பேசினார். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாணைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தார். திருவிழாவானாலும் கருமாதியானாலும் எங்கள் டிவிசனில் பெரிய சட்டிக்கு முன்னால் இன்றைக்கும் அவர்தான் நிற்கிறார், சித்தப்பாவுக்கு அது தெரியாததில்லை.

"அன்னதானம்னா அதுக்கும் நாந்தானடா சமைக்கணும்" என்றார் தாத்தா.